ஓலை தரும் மரத்துக்கு நாம் கொடுத்தது என்ன?



கடன், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பல விடயங்களை இப்பக்கத்தில் கதைத்து வருகிறோம். இம்மாதம் பன்னவேலையைப் பற்றிக் கதைப்போம். "பெட்டி இழைக்க எங்களுக்குத் தெரியாதா? அதில் கதைக்க என்ன இருக்கிறது?" என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். கை அறிந்த வேலைதான். ஆனால் கை அறிந்த வேலையைப் பற்றி நாம் வாய் திறந்து கதைப்பது குறைவு. அதிலும் அந்த ஓலை எங்கிருந்து வருகிறது, யாருடைய காணியில் நிற்கிற மரம், அந்த மரம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கேள்விகளை வாழ்வாதாரத் திட்டக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை. பயிற்சி, மூலதனம், சந்தை என்ற மூன்றோடு கதை முடிந்துவிடும். மரம் அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் உடுப்பிட்டிப் பக்கத்தில் வயது போன ஒரு ஆச்சியிடம் ஓலையால் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, இடியப்பத்தட்டு, பனங்கட்டிக் குட்டான், உமல், தடுக்கு, கதிர்ப்பாய், திருகணை, வெற்றிலை போடுபவருக்குக் கொட்டைப்பெட்டி, கூழ் குடிக்கப் பிளா, தோட்டத்துக்கு நீர் அள்ளப் பட்டை என்று மூச்சு விடாமல் சொல்வார். பிள்ளைக்கு ஏடு தொடக்கியதும் ஓலையில்தான். வில்லியம் பெர்குசன் என்பவர் இலங்கைப் பனையைப் பற்றி 1850 இல் கொழும்பில் வெளியிட்ட ஆங்கில நூலில், பனையின் 801 பயன்களைப் பாடுகிற 'தால விலாசம்' என்ற தமிழ்ப் பாட்டைக் குறிப்பிட்டிருக்கிறார். 801 என்பது புலவர் கணக்கு. எங்கள் ஆச்சிமாரின் கணக்கு அதற்குக் கிட்ட வராவிட்டாலும் ஒவ்வொன்றையும் செய்து காட்டக்கூடிய கணக்கு.

இதைக் 'கைப்பணி' என்கிறார்கள். 'கலை' என்று சொல்லக் கொஞ்சம் தயங்குகிறார்கள். வீணையும் பரதமும் கலை, கடகம் மட்டும் பொருள் என்ற பிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரியும். பனை ஏறியவரும் ஓலை இழைத்தவரும் எந்தச் சமூகத்தவராக இருந்தார்கள் என்பதில்தான் அந்தப் பிரிப்பு தொடங்கியது. அவர்கள் இழைத்த புதுச் சுளகு கல்யாண வீட்டு மணவறைக்கு அருகே போனது, புதுப் பெட்டி கோயில் மடைப்பள்ளிக்குப் போனது. இழைத்த பெண் மட்டும் படலைக்கு வெளியே நின்றாள். 'எமது மண்ணின் கலை' என்று மேடையில் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மண்ணை நேசித்தல் என்ற சொல் சொந்தக் காணி உள்ளவருக்கு ஒரு மாதிரியும், தலைமுறையாக மற்றவர் காணியில் குடியிருந்தவருக்கு வேறு மாதிரியும்தான் கேட்கும்.

இனி ஓலைக்கு வருவோம்.

பெட்டி இழைப்பவருக்கு எல்லா ஓலையும் ஒன்றல்ல. விரியாத குருத்தோலை வெள்ளையாக, மெதுவாக இருக்கும். நுண்ணிய வேலைக்கும் சாயம் போடும் வேலைக்கும் அதுதான். அதற்கு அடுத்த சார்வோலை சற்றுத் தடித்தது. கடகம், பாய் போன்ற உழைக்கிற சாமான்களுக்கு அது. முற்றிப் பழுத்துக் காய்ந்தது காவோலை. அது அடுப்புக்கு. குருத்தை வெயிலில் காயவைத்து, சுருட்டி வைத்து, வேலை தொடங்கும்போது ஈரம் காட்டி, ஈர்க்கை நீக்கி, சத்தகத்தால் ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்பார்கள். வார்வது சீராக இல்லாவிட்டால் இழைப்பு இழுபடும். சத்தகம் பிடிக்கத் தெரிந்த பிறகுதான் இழைக்கப் பழக்குவார்கள் என்று பழையவர்கள் சொல்வார்கள். இப்போதைய பயிற்சிகளில் வார்ந்த ஓலையையே கையில் கொடுத்துவிடுகிறார்கள். பத்து நாட்களுக்குள் ஒரு பொருள் செய்து காட்டவேண்டுமே! அதனால் ஓலையை அறியாமலே பெட்டி இழைக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்.

பனைக்கு ஒரேயொரு வளர்முனைதான் உண்டு. முருங்கையையோ பூவரசையோ போல வெட்டினால் பக்கத்தில் துளிர்க்காது. ஒரு பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலை என்ற அளவில்தான் விடும். குருத்தை எடுக்கும்போது கத்தி ஆழமாகப் போனாலோ, ஒன்று விரியும் முன் அடுத்ததையும் அடுத்தடுத்து எடுத்தாலோ மரம் மெலிந்து கழுத்துச் சூம்பும். முனை பட்டுவிட்டால் பிறகு அது மொட்டைத் தூண்தான். ஷெல் விழுந்து தலை போன பனைகளை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். அவை மறுபடி தழைக்காமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றதற்கும் இதுவே காரணம்.

பழைய வழக்கத்தில் இதற்கொரு ஒழுங்கு இருந்தது. "போன வருசம் குருத்து எடுத்த மரத்திலை இந்த வருசம் கை வைக்கப்படாது. வடலியிலை எடுக்கவே கூடாது" என்று ஓர் ஆச்சி எங்கள் குழுவுக்குச் சொன்னார். அவர் அதைச் சட்டம் போலச் சொல்லவில்லை, கைக்குழந்தைக்காரியிடம் கடுமையான வேலை வாங்கப்படாது என்று சொல்கிற தொனியில் சொன்னார்.

ஓலை மரத்திலிருந்து இறங்கிய பின் அது போகிற வழியைப் பாருங்கள். முதலில் வீட்டுக் கூரை. மழைக்கும் வெயிலுக்கும் இற்றுப்போகத் தொடங்கும்போது கூரையிலிருந்து இறங்கும். இன்னொரு பகுதி வேலியாக நிற்கும். பச்சை ஓலையைக் கிழித்து மாட்டுக்குப் போடுவோம், மாடு எருத் தரும். கூரையிலும் வேலியிலும் பழுதான ஓலையை வெட்டித் தோட்டத்தில் தாட்டு மண்ணுக்குப் பசளையாக்குவார்கள். கிழிந்த கடகமும் கடைசியில் அங்கேதான் போகும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் விளைந்ததில் பனையோலைக்குப் பங்குண்டு. மண்ணில் இருந்து மேலே போனதை மனிதர் பாவித்துவிட்டு மறுபடி மண்ணுக்கே கொடுக்கும் இந்தச் சுற்றில் இழைப்பு ஒரு கட்டம். பிளாஸ்ரிக் கூடை மலிவு என்று நாம் வாங்கியபோது அந்தச் சுற்றை இடையில் அறுத்தோம். பிளாஸ்ரிக் கூடையைத் தோட்டத்தில் தாட்டுப் பாருங்கள், உங்கள் பேரப்பிள்ளை கிண்டி எடுப்பான்!

யுத்தம் அந்தச் சுற்றை வேறு விதமாக அறுத்தது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனங்குற்றிகள் எத்தனை என்று யாரும் கணக்கெடுத்து முடிக்கவில்லை. 1987 வடமராட்சித் தாக்குதல், 1995 ஒக்ரோபர் 30 வலிகாமப் பெயர்வு, 1996 இல் தென்மராட்சியும் வடமராட்சியும் கைமாறியது, 2000 இலிருந்து நாகர்கோவில், முகமாலை, கிளாலி என்று நீண்ட முன்னரங்கு. ஒவ்வொன்றும் சில பனங்கூடல்களைத் தின்றது. முன்னரங்கை அண்டிய கூடல்களில் கண்ணிவெடி இருந்ததால் ஓலைக்கும் பனம்பழத்துக்கும் போகமுடியாமல் ஆண்டுகள் கழிந்தன. பதுங்குகுழியின் மேல் அடுக்கிய பனங்குற்றியால் உயிர் தப்பிய குடும்பங்களும் எங்களிடையே உண்டு. மரம் அந்த விதத்திலும் கொடுத்தது.

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டது. பனையைத் தறிக்க அனுமதி பெறவேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் ஒரு வளவை வீட்டு நிலமாக்க 'ஜேசிபி' வந்து நின்றால் நாற்பது வருட மரம் அரை மணித்தியாலத்தில் சரிகிறது என்பதை நாம் கண்டுகொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது எங்கள் பக்கத்துக் குழுவொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு பெண்கள். அநேகர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். இருவரின் கணவன்மார் 2009 இலிருந்து காணாமற் போனோர் பட்டியலில் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி வந்து, மூடியுடன் கூடிய சிறு பெட்டிகள் பெருந்தொகையாக வேண்டும், இரண்டு மாதத்தில் வேண்டும், எல்லாம் வெள்ளைக் குருத்தோலையில் வேண்டும் என்றார். விலையும் உள்ளூர்ச் சந்தையை விட நல்ல விலை. அப்போது அங்கே பலருக்கு நுண்கடன் தவணை கிழமைக்குக் கிழமை வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்?

ஓலை வெட்டுகிற ஐயாதான் முதலில் முகத்தைச் சுளித்தார். குழு ஓலை எடுப்பது வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பனங்கூடலில். அவருடைய உறவினர் வாய்மொழியாக அனுமதி தந்திருந்தார். "இவ்வளவு குருத்துக்கு இந்தக் கூடல் காணாது. ஒரு மரத்திலை இரண்டு மூண்டு எண்டு எடுத்தால்தான் கட்டும். நான் அப்பிடி வெட்டமாட்டன், நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தளநாரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரம் கூடிய கூட்டம் இருட்டும்வரை நடந்தது. "மரமோ என்ரை பிள்ளையோ? எனக்கு வெள்ளிக்கிழமை தவணை கட்டவேணும்" என்று ஒரு தங்கச்சி சொன்னார். அதில் பிழையொன்றும் இல்லை. "மரம் போனால் வாற வருசம் உன்ரை பிள்ளைக்கு என்னத்தை இழைச்சுக் குடுப்பாய்?" என்று ஆச்சி கேட்டார். அதிலும் பிழையில்லை. இன்னொருவர், "அது எங்கடை மரமே இல்லை. காணிக்காரர் நாளைக்கு வித்துப்போட்டால் நாங்கள் பாதுகாத்தது ஆருக்கு?" என்று கேட்டார். இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொந்தமில்லாத மரத்தைப் பேணும்படி வறிய பெண்ணிடம் கேட்பது நியாயமா என்று எனக்குள்ளும் ஓடியது. நான் கூட்டத்தில் கணக்கு எழுதுபவளாக மட்டுமே இருந்தேன்.

கடைசியில் அவர்கள் எடுத்த முடிவு இது: ஒரு மரத்துக்கு ஒரு குருத்து என்ற கணக்கில் எத்தனை பெட்டி வருமோ அத்தனையை மட்டும் ஒப்புக்கொள்வது. மீதிக்குச் சார்வோலையில் கடகமும் சுளகும் தருவதாகச் சொல்லிப் பார்ப்பது. வியாபாரி தொலைபேசியில் கோபப்பட்டார். பிறகு பெட்டித் தொகையைக் குறைத்துக்கொண்டார், கடகத்தில் கொஞ்சம் எடுத்தார், சுளகு வேண்டாம் என்றார். கிடைத்த காசு எதிர்பார்த்ததை விடக் குறைவு. தவணைக்காரத் தங்கச்சி குழுவை விட்டு விலகி வேறு வேலைக்குப் போனார். அவரைக் குறைசொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. ஓலை வெட்டுகிற ஐயா மறுபடி வந்தார். வெட்டுக்கூலியைச் சற்று உயர்த்தினோம், அவர் கேட்காமலே.

இந்தக் கேள்வி எங்களுடையது மட்டுமல்ல. அமெரிக்கப் பூர்வகுடிப் பொற்றவற்றோமி இனத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ரொபின் வோல் கிம்மரர் 2013 இல் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனையை விவரிக்கிறார். அங்குள்ள பெண்கள் கூடை இழைக்கும் ஒருவகை வாசனைப் புல் சில இடங்களில் குறைந்து வந்தது. சில பாத்திகளில் இழைப்பாளர் வழக்கப்படி பாதிக்கு மேற்படாமல் அறுத்தார்கள், சில பாத்திகளைத் தொடாமல் விட்டார்கள். தொடாமல் விட்டதுதான் மங்கிப்போனது, அளவாக அறுத்தது செழித்தது. அளவாக எடுப்பதும் ஒரு பராமரிப்பு என்பதை அது காட்டியது. இதை அப்படியே பனைக்குப் பொருத்தமுடியாது. புல் அடியிலிருந்து கிளைக்கும், பனை கிளைக்காது. ஆனால் காவோலையும் பன்னாடையும் நீக்காமல் ஆளில்லாத வளவில் நிற்கிற பனையையும், வருடந்தோறும் ஏறிச் சுத்தம் பண்ணிய பனையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு மனிதக் கை பட்ட மரத்தின் வித்தியாசம் தெரியும்.

அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்திலும் பூர்வகுடிப் பெண்கள் புல்லால் கூடை இழைக்கிறார்கள். அங்குள்ள மகளிர் பேரவை ஒன்று 1995 இல் தொடங்கிய முயற்சி அது, 'ஜான்பி' என்று பெயர். அவர்களின் மொழியில் அதற்குப் புல் என்றே அர்த்தம். அந்தப் பெண்கள் முற்காலத்தில் தலையில் பாத்திரம் சுமப்பதற்குப் புல்லாலும் முடியாலும் வளையம் செய்தவர்கள். எங்கள் சும்மாடேதான்! கூடை இழைக்கப் புல் வேண்டும், புல் அறுக்கத் தம் முன்னோரின் நிலத்துக்குப் போகவேண்டும், போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் இந்த இடத்தின் கதை இது என்று சொல்வார்கள். கூடை விற்ற காசு ஒரு பக்கம், நிலத்துக்குப் போய்வருவது மறுபக்கம். 2005 இல் அவர்களில் சிலர் சேர்ந்து புல்லாலேயே ஒரு முழு ரொயோட்டா வாகனத்தை இழைத்து அந்நாட்டின் பூர்வகுடிக் கலைக்கான தேசியப் பரிசைப் பெற்றார்கள். பாலைவனத்தில் நிலத்துக்குப் போகும் வாகனம் அதுதானே! இந்தக் கதையைச் சொன்னபோது எங்கள் குழு விழுந்து விழுந்து சிரித்தது. "நாங்கள் ஒரு லான்ட்மாஸ்ரர் இழைப்பமோ?" என்று ஆச்சி கேட்டார்.

சிரிப்பு அடங்கியபின், எங்களில் எத்தனை பேருக்குப் போக நிலம் இருக்கிறது என்ற கதை வந்தது. அக்குழுவில் மூவர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். உயர் பாதுகாப்பு வலயத்தில் இருந்த காணிகள் 2009 இன் பின் கட்டங்கட்டமாக விடப்பட்டன. விடப்பட்ட காணிக்குப் போனவர்கள் கண்டது என்ன? வேலி இல்லை, எல்லைப் பனை இல்லை, சில இடங்களில் கிணறே மூடிக் கிடந்தது. எது தன் வளவு, எது பெரியப்பாவின் வளவு என்று தெரியாமல் பற்றைக்குள் நின்றார்கள். போனவர்களுக்கே இந்த நிலை என்றால், இன்னும் போகமுடியாதவர்களுக்கு நினைவு மட்டுமே காணி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இதை ஒரு கலைப்பணியாகச் செய்திருக்கிறார். இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் தாம் இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அந்தப் படங்களையும், அவற்றைக் கட்டடக்கலைஞர் அளவுப்படி மாற்றி வரைந்ததையும், தம் ஓவியத்தையும் சேர்த்து 2011 இல் ஒரு நூலாக்கினார். அதன் ஆங்கிலப் பெயருக்கு முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. ஆட்சியாளர்கள் வரி வாங்க எழுதிய பதிவேட்டின் பெயரில், காணி இழந்த மக்கள் தாமே எழுதிய பதிவேடு.

நாங்களும் செய்து பார்த்தோம். காகிதமும் பென்சிலும் கொடுத்தபோது, "எனக்குப் படம் கீற வராது" என்று பலர் கையை மடக்கிக்கொண்டார்கள். முற்றத்து மணலில் ஈர்க்கால் கீறச் சொன்னதும் குனிந்துவிட்டார்கள். கோலம் போட்ட கைகள் அல்லவா! கிணறு, துலா, மாட்டுக்கொட்டில், பங்குக் கிணற்றுக்குப் போகும் நடைபாதை, வைரவர் சூலம், ஒழுங்கை முடக்கில் நின்ற புளி என்று வந்துகொண்டே இருந்தன. ஒரு அக்கா பனைகளை ஒவ்வொன்றாகக் குறித்து, இது நுங்குக்கு நல்ல மரம், இது கருப்பணி இறக்கின மரம், இது ஆண்பனை என்றார். பெயர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. இன்னொருவர் பாதி கீறி எழுந்து போய்விட்டார், அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. இதை உங்கள் ஊரில் செய்ய விரும்பும் சகோதரிகள் கவனிக்கவேண்டியது, கீறத் தொடங்கினால் அந்தக் காணியில் செத்தவர்களும் வருவார்கள். கூட ஒருவர் இருந்து ஆறுதலாகக் கதைக்க நேரம் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

படம் கீறுவதால் காணி கிடைக்குமா என்று கேட்டார்கள். அவுஸ்திரேலியாவில் ஒரு பாலைவனச் சமூகம் 1997 இல் பத்து மீற்றருக்கு எட்டு மீற்றர் துணியில் தமது நிலத்தையும் நீர்நிலைகளையும் வரைந்து, காணி உரிமை விசாரணையில் ஒவ்வொருவரும் அத்துணியில் தத்தம் பகுதியின் மேல் நின்று தம் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007 இல் அவர்களது உரிமை ஏற்கப்பட்டது. பத்து வருடம் சென்றது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் நாட்டில் படம் உறுதியாகாது. ஆனால் உறுதி தொலைந்தவர்களுக்குப் படம் உதவும். காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கப் போகும்போது காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லையும் யாருடையது, எந்த நொத்தாரிசு எழுதினார் என்றெல்லாம் கேட்பார்கள். எங்கள் உறுதிகளில் வான்பயிரும் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதப்பட்டிருக்கும். மணலில் கீறும்போது, "கிழக்கெல்லை சின்னம்மான்ரை சீதனக் காணி" என்று வாயில் வந்த ஒரு சொல், அங்கே கதவைத் திறக்கக்கூடும். ஆகவே மணலில் கீறி முடித்ததும் ஒருவர் அதைக் காகிதத்தில் பிரதி எடுத்து, திகதி போட்டு, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

தேசவழமையின் கீழ் வரும் மணமான பெண், தன் சீதனக் காணியானாலும், விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கணவன் காணாமற் போனவராயின் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைக் கேட்கலாம். அருகிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள். இதைத் தனியே ஓர் இதழில் விரிவாக எழுதுவேன்.

மறுபடி பனங்கூடலுக்கு வருகிறேன், மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறதல்லவா. வெளிநாட்டில் உள்ள காணிக்காரருக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். ஐந்து வருடத்துக்கு ஓலை எடுக்கும் அனுமதியை எழுத்தில் தரும்படியும், பதிலுக்குக் கூடலைச் சுத்தமாக வைத்து, வெற்றிடங்களில் கொட்டை போட்டு வடலி வளர்த்துத் தருவோம் என்றும் எழுதினோம். கடிதத்தைப் பெண்களே சொல்லச் சொல்ல எழுதியது. "நீங்கள் சின்னனிலை ஓடி விளையாடின கூடல்" என்ற வசனத்தைச் சேர்க்கவேண்டும் என்று ஆச்சி பிடிவாதமாக நின்றார், சேர்த்தோம். அவர் இரண்டு வருடத்துக்கு எழுதித் தந்திருக்கிறார். அதற்குமேல் பிள்ளைகளைக் கேட்கவேண்டுமாம்.

அதனால் குழு இரண்டு விதமாகக் கொட்டை போடுகிறது. கூடலின் வெற்றிடங்களில் கொஞ்சம், யாரும் விற்கமுடியாத குளக்கட்டிலும் ஒழுங்கைக் கரையிலும் மீதி. பொது இடத்தில் போடுவதற்குப் பிரதேச சபையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த வீதி அகலிப்பில் எல்லாம் போய்விடும். குழுவின் கணக்கு, ஒரு கடகம் விற்றால் ஒரு கொட்டை. கொப்பியில் விற்பனை வரிக்குப் பக்கத்தில் ஒரு நிரல் கீறி அதையும் எழுதுகிறார்கள்.

போட விரும்புவோருக்கு: ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தில் களியை எடுத்தபின் கொட்டையை நிழலில் குவித்து வையுங்கள். மாரி மழை தொடங்கும்போது, வளரவேண்டிய இடத்திலேயே நேரடியாகத் தாழுங்கள். கிழங்குக்குப் பாத்தி போடுவது போல ஓரிடத்தில் முளைக்க வைத்துப் பிறகு பிடுங்கி நடுவது சரிவராது. முளை முதலில் கீழே ஆழமாகப் போகும், மேலே ஓலை காட்ட நாள் எடுக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பட்டுப்போச்சு என்று கிண்டிவிடாதீர்கள். முதல் வருடங்களில் ஆடு மாடு கடிக்காமல் காவோலையால் மறைப்புக் கட்டுங்கள். ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும், அதற்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வருடம் செல்லும். ஆனால் ஓலைக்கு அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. எத்தனையாவது வருடத்திலிருந்து வடலியில் சார்வோலை எடுக்கலாம் என்பதில் ஆச்சிக்கும் ஓலை வெட்டுகிற ஐயாவுக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. உங்கள் ஊர் வழக்கம் என்னவென்று எங்களுக்கு எழுதுங்கள்.